பிராந்திய அமைப்புகளின் சுழற்சி முறைத் தலைமை: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிராந்திய அமைப்பொன்றின் தலைமையை இலங்கை ஏற்றது அல்லது இன்னொரு நாட்டிடம் கையளித்தது என்ற செய்தி வரும்போதெல்லாம் ஏறக்குறைய ஒரே வகையான கேள்விகள் எழுகின்றன. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் உயர்தரத்தில் அரசறிவியல் பயிலும் மாணவர்கள் பரீட்சைக்காகக் கேட்கிறார்கள். முல்லைத்தீவு, மன்னார் கரையோரங்களின் கடற்றொழிலாளர் சங்கங்களில் இருப்பவர்கள் தங்கள் தொழிலுக்காகக் கேட்கிறார்கள். அக்கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்படுகின்றன. இலங்கை உறுப்புரிமை கொண்ட சார்க் (பிராந்திய ஒத்துழைப்புக்கான தெற்காசிய நாடுகளின் சங்கம்), பிம்ஸ்டெக் (வங்காள விரிகுடாப் பிராந்தியத்தின் ஏழு நாடுகளின் ஒத்துழைப்பு அமைப்பு), இந்து சமுத்திர விளிம்பு நாடுகளின் சங்கம் ஆகிய மூன்றும் முதன்மையாகவும், ஆசியான் (தென்கிழக்காசிய நாடுகளின் சங்கம்), ஐரோப்பிய ஒன்றியம், ஆபிரிக்க ஒன்றியம் ஆகியவை ஒப்பீட்டுக்காகவும் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

சுழற்சி முறைத் தலைமை என்றால் என்ன?

பல நாடுகளின் அரசாங்கங்கள் சேர்ந்து அமைத்துக்கொண்ட ஓர் அமைப்பில், கூட்டங்களுக்குத் தலைமை தாங்கும் பொறுப்பு ஒரே நாட்டிடம் நிலைத்துவிடாமல், முன்கூட்டியே உடன்பட்ட ஓர் ஒழுங்கின்படி ஒவ்வொரு நாட்டிடமும் குறிப்பிட்ட காலத்துக்குச் சென்று சேர்வதே சுழற்சி முறைத் தலைமை எனப்படுகிறது. பெரிய நாடொன்று அமைப்பைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ளும் என்ற அச்சம் சிறிய நாடுகளுக்கு எப்போதும் உண்டு. தேர்தல் வைத்தால் அணி சேர்க்கும் வேலை தொடங்கிவிடும். முறை வைத்துக்கொண்டால் இரண்டு தொல்லைகளும் குறையும் என்பதே இந்த ஏற்பாட்டின் அடிப்படை. நூறு கோடிக்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட இந்தியாவும், முழு மக்கள் தொகையும் நம் நாட்டின் ஒரு மாவட்டத்துக்குள் அடங்கிவிடக்கூடிய மாலைதீவும் சார்க் மேசையில் ஒரே அளவான கதிரையில் அமர்கின்றன.

எந்த ஒழுங்கில் தலைமை மாறுகிறது? எவ்வளவு காலத்துக்கு?

அமைப்புக்கு அமைப்பு வேறுபடும். பிம்ஸ்டெக், ஆசியான் ஆகியவற்றில் நாடுகளின் ஆங்கிலப் பெயர்களின் அகர வரிசையே அடிப்படை. ஆசியானில், 2008 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சாசனத்தின்படி, தலைமை ஒரு நாட்காட்டி ஆண்டுக்கு உரியது. இந்து சமுத்திர விளிம்பு நாடுகளின் சங்கத்தில் இரண்டு ஆண்டுகள். அங்கே நடப்புத் தலைமை, முன்னைய தலைமை, அடுத்து வரவுள்ள துணைத் தலைமை ஆகிய மூன்று நாடுகளும் ஒரு குழுவாக இயங்குவதால், கைமாறும் வேளையில் வேலை அறுந்துபோவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் அமைச்சர்கள் சபையில் ஆறு மாதங்கள் மட்டுமே. ஆபிரிக்க ஒன்றியத்தில் தலைமை ஓராண்டுக்கு, வடக்கு, மேற்கு, மத்திய, கிழக்கு, தெற்கு என்ற ஐந்து வலயங்களுக்கிடையில் சுற்றி வருகிறது. வலயத்துக்குள் எந்த நாடு என்பதில் பேரம் பேச இடமுண்டு.

சார்க் இவற்றிலிருந்து வேறுபட்டது என்பதை மாணவர்கள் குறிப்பாக மனத்தில் கொள்ள வேண்டும். அங்கே தலைமை உச்சி மாநாட்டோடு கட்டுண்டது. மாநாட்டை நடத்தும் நாடு தலைமையை ஏற்று, அடுத்த மாநாடு இன்னொரு நாட்டில் கூடும் வரை அதனை வைத்திருக்கும். மாநாடு கூடாவிட்டால் தலைமையும் நகராது. சார்க்கின் இன்றைய நிலைக்கு வழிவிட்ட ஓட்டை இதுதான் என்பது என் கருத்து. அதனைக் கீழே விரிவாகப் பார்க்கலாம்.

தலைமை நாட்டுக்கு உரியதா, அப்போது பதவியில் இருக்கும் தலைவருக்கு உரியதா?

நாட்டுக்கு உரியது. 2018 ஓகஸ்ட் இறுதியில் காத்மண்டுவில் நடைபெற்ற நான்காவது பிம்ஸ்டெக் உச்சி மாநாட்டில் இலங்கையின் சார்பில் தலைமையைப் பெற்றுக்கொண்டவர் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன. 2022 மார்ச் 30 அன்று அதனைத் தாய்லாந்திடம் கையளித்தபோது ஜனாதிபதியாக இருந்தவர் கோட்டாபய ராஜபக்ஷ. இடையில் ஆட்சி மாறியதால் தலைமை இலங்கையை விட்டுப் போகவில்லை. இந்து சமுத்திர விளிம்பு நாடுகளின் சங்கத்திலும் இதே கதைதான். 2023 ஒக்டோபரில் கொழும்பில் பங்களாதேஷிடமிருந்து பொறுப்பை ஏற்றபோது இருந்த அரசாங்கம் வேறு, 2024 தேர்தல்களுக்குப் பின்னர் அப்பொறுப்பைத் தொடர்ந்த அரசாங்கம் வேறு.

தலைமை வகிக்கும் நாட்டுக்கு உண்மையில் என்ன அதிகாரம் இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு "ஒன்றும் இல்லை" என்றும் "எல்லாம் இருக்கிறது" என்றும் இருவகைப் பதில்கள் சொல்லப்படுவதுண்டு, இரண்டும் சரியல்ல.

இரணைமடுவின் கீழ் சிறுபோகத்துக்கு முன்னர் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதனை விளங்கிக்கொள்வது எளிது. அரசாங்க அதிபர் தலைமை வகிக்கிறார். எந்த விடயம் முதலில் எடுக்கப்படும், யாருக்குப் பேச இடம் கிடைக்கும், வாக்குவாதத்தை எந்த இடத்தில் நிறுத்தி முடிவைப் பதிவுசெய்வது என்பதெல்லாம் பெரும்பாலும் அவர் கையில் இருக்கின்றன. ஆனால் குளத்தில் நிற்கும் தண்ணீரின் அளவையும் கமக்காரர் அமைப்புகளின் இணக்கத்தையும் மீறி, இத்தனை ஏக்கருக்கு நீர் விடுவேன் என்று அவர் அறிவித்துவிட முடியாது. பிராந்திய அமைப்பின் தலைமையும் அவ்வாறானதே. நிகழ்ச்சி நிரலைத் தயாரிப்பது, வரைவு அறிக்கையை முதலில் எழுதுவது, முரண்படும் தரப்புகளுடன் தனித்தனியே பேசுவது, ஆண்டுக்கான தொனிப்பொருளைத் தெரிவது, பிற அமைப்புகளுடனான சந்திப்புகளில் எல்லோர் சார்பிலும் பேசுவது ஆகியவை அதன் வேலைகள். கட்டளையிடும் அதிகாரம் இல்லை. சார்க் சாசனத்தின் பத்தாவது உறுப்புரையின்படி எல்லா மட்டங்களிலும் முடிவுகள் ஏகமனதாகவே எடுக்கப்பட வேண்டும். பிம்ஸ்டெக்கும் ஆசியானும் கருத்தொருமிப்பின்படியே நடக்கின்றன.

அப்படியிருந்தும் வரைவை எழுதும் பேனா யார் கையில் இருக்கிறது என்பது சில வேளைகளில் பெரிய விடயமாகிவிடுகிறது. 2012 ஜூலையில் கம்போடியா ஆசியான் தலைமையில் இருந்தபோது புனோம் பென்னில் வெளிவிவகார அமைச்சர்கள் கூடினார்கள். தென் சீனக் கடலில் சீனாவுடன் ஏற்பட்ட பிணக்குகள் கூட்டறிக்கையில் இடம்பெற வேண்டும் என்று பிலிப்பைன்ஸும் வியட்நாமும் வலியுறுத்தின. சீனாவுக்கு நெருக்கமான கம்போடியா, அவை இருதரப்பு விவகாரங்கள் என்று கூறி இணங்க மறுத்தது. வசனங்களை மாற்றி மாற்றிப் பல வரைவுகள் முன்வைக்கப்பட்டும் பயனில்லை. அமைப்பின் 45 ஆண்டு வரலாற்றில் முதற்தடவையாக, கூட்டறிக்கை இல்லாமலேயே கூட்டம் கலைந்தது. அதன் பின்னர் இந்தோனேசிய வெளிவிவகார அமைச்சர் மார்ட்டி நட்டலேகவா தலைநகர் தலைநகராகச் சென்று பேசி, ஆறு அம்சங்களில் ஓர் இணக்கத்தை ஏற்படுத்தினார். தலைமையில் இருந்த நாடு செய்திருக்க வேண்டிய வேலையைத் தலைமையில் இல்லாத நாடு செய்து முடித்தது என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

மறுபக்கத்துக்கும் ஓர் உதாரணம் உண்டு. 2014 நவம்பர் 26, 27 ஆம் திகதிகளில் காத்மண்டுவில் நடைபெற்ற பதினெட்டாவது சார்க் மாநாட்டில் மோட்டார் வாகனப் போக்குவரத்து, புகையிரதப் போக்குவரத்து, மின்சக்தி ஒத்துழைப்பு ஆகியவை பற்றிய மூன்று உடன்படிக்கைகள் கைச்சாத்தாகவிருந்தன. உள்நாட்டு நடைமுறைகள் முடியவில்லை என்று பாகிஸ்தான் பின்வாங்கியதால் மூன்றும் கைநழுவும் நிலை வந்தது. தலைமை வகித்த நேபாளம், இரண்டாம் நாள் தலைவர்களைக் காத்மண்டுவுக்கு வெளியேயுள்ள துலிகேலுக்கு, அதிகாரிகள் சூழாத சந்திப்புக்கு அழைத்துச் சென்றது. மாலையில் அவர்கள் திரும்பி வந்தபோது மின்சக்தி உடன்படிக்கைக்கேனும் இணக்கம் கிடைத்திருந்தது. நிறைவு விழாவில் அது கைச்சாத்தாயிற்று. கட்டளை அதிகாரம் எதுவுமில்லாத நாடு, இடத்தையும் வேளையையும் பார்த்து ஒழுங்குபடுத்தியதால் மூன்றில் ஒன்றைக் காப்பாற்றிக்கொண்டது. நல்ல தலைமை என்பதற்கு வாக்குறுதிகள் நிறைந்த பிரகடனங்களைவிட இந்த ஒரு பிற்பகலையே நான் சான்றாகக் காட்டுவேன்.

அப்படியானால் செயலாளர் நாயகத்தின் வேலை என்ன? அவர் தலைவருக்குக் கீழானவரா?

செயலாளர் நாயகம் செயலகத்தின் தலைமை அதிகாரி. அமைப்பின் அன்றாடப் பணிகள் அவருடையவை. தலைமை வகிப்பது ஓர் அரசு. சார்க் செயலகம் 1987 முதல் காத்மண்டுவிலும், பிம்ஸ்டெக் செயலகம் 2014 முதல் டாக்காவிலும், இந்து சமுத்திர விளிம்பு நாடுகளின் சங்கச் செயலகம் மொரிஷியஸிலும் உள்ளன. தலைமை மாறும்போது செயலகம் இடம் மாறுவதில்லை. சார்க்கில் செயலாளர் நாயகம் பதவியும் நாடுகளின் அகர வரிசைப்படி மூன்று ஆண்டுகளுக்குச் சுற்றுகிறது, ஆனால் அது வேறொரு சுற்று. தலைமை நேபாளத்திடம் இருந்த காலத்திலேயே இலங்கையரான எசல வீரகோன் 2020 முதல் 2023 வரை செயலாளர் நாயகமாக இருந்தார். பிம்ஸ்டெக்கின் முதலாவது செயலாளர் நாயகமும் இலங்கையரான சுமித் நாகந்தல என்பதைப் பொது அறிவு வினாவாக எதிர்பார்க்கலாம்.

சார்க் தலைமை 2014 முதல் நேபாளத்திடமே இருப்பது ஏன்?

காத்மண்டு மாநாட்டுக்கு அடுத்த பத்தொன்பதாவது மாநாட்டை 2016 நவம்பரில் பாகிஸ்தான் இஸ்லாமாபாத்தில் நடத்தவிருந்தது. 2016 செப்டம்பர் 18 அன்று ஜம்மு காஷ்மீரின் ஊரி இராணுவ முகாம் தாக்கப்பட்டதைத் தொடர்ந்து, தான் கலந்துகொள்ளப் போவதில்லை என்று இந்தியா அறிவித்தது. பங்களாதேஷ், பூட்டான், ஆப்கானிஸ்தான் ஆகியவையும் அடுத்தடுத்து விலகின. இலங்கையும் மாலைதீவும் நிலைமை உகந்ததாக இல்லை என்றன. எல்லா நாடுகளும் அமராத மாநாட்டை நடத்தும் வழக்கம் சார்க்கில் இல்லை. மாநாடு ஒத்திவைக்கப்பட்டது; இன்றுவரை கூடவில்லை. மாநாட்டோடு கட்டுண்ட தலைமை, கடைசியாக நடத்திய நாட்டிடமே தங்கிவிட்டது. நேபாளத்தில் அதற்குப் பின்னர் எத்தனையோ பிரதமர்கள் வந்து போய்விட்டார்கள்.

இஸ்லாமாபாத்தை விட்டுவிட்டு வேறொரு தலைநகரில் நடத்தலாமே என்று கேட்கலாம். நடத்தலாம், ஆனால் அதற்குப் பாகிஸ்தானும் இணங்க வேண்டும். தன் முறையை அது விட்டுக்கொடுக்க ஆயத்தமில்லை. சுழற்சி முறையை மீறாமல் முன்னே செல்ல இந்தியா விரும்பவில்லை, சுழற்சி முறையை மீறிச் செல்லப் பாகிஸ்தான் விரும்பவில்லை. வெற்றுக் கதிரை ஒன்று முழு மேசையையும் நிறுத்திவைக்க முடியும் என்பதே ஏகமனது விதியின் விலை.

தலைமை முடங்கினால் முன்முயற்சி வேறு இடத்திலிருந்து வருவதும் உண்டு. கொவிட் தொற்றுத் தொடங்கிய வேளையில், 2020 மார்ச் 15 அன்று சார்க் தலைவர்களின் காணொளிச் சந்திப்பைக் கூட்டியது தலைமையில் இருந்த நேபாளம் அல்ல, இந்தியா. அவசர நிதியொன்றுக்கு 10 மில்லியன் டொலர் தருவதாகவும் இந்தியா அன்றே அறிவித்தது.

இலங்கை சார்க் தலைமையை எப்போதெல்லாம் வகித்தது?

மூன்று தடவைகள்: 1991 இல் ஆறாவது மாநாடு, 1998 இல் பத்தாவது மாநாடு, 2008 இல் பதினைந்தாவது மாநாடு. மூன்றும் கொழும்பில் நடைபெற்றன. 1991 இல் ஆர். பிரேமதாசவும், 1998 இல் சந்திரிகா குமாரதுங்கவும், 2008 இல் மஹிந்த ராஜபக்ஷவும் ஜனாதிபதிகளாக இருந்தார்கள்.

நடக்காமல் போன முறைதான் இவற்றைவிடப் பேசத்தக்கது. 1989 இல் மாநாடு கொழும்பில் கூடியிருக்க வேண்டும். இந்திய அமைதி காக்கும் படை இந்த மண்ணில் இருக்கும்வரை மாநாட்டை நடத்துவதில்லை என்ற நிலைப்பாட்டில் பிரேமதாச அரசாங்கம் நின்றதால் அந்த ஆண்டு மாநாடே நடைபெறவில்லை; ஐந்தாவது மாநாடு 1990 நவம்பரில் மாலேயில் நடந்தது. 1991 இலும் சிக்கல் வந்தது. நவம்பரில் ஏற்பாடாகியிருந்த மாநாட்டுக்குப் பூட்டான் மன்னர் வர இயலாமற்போக, எல்லாத் தலைவர்களும் இல்லாமல் மாநாடு கூடக்கூடாது என்று இந்தியா ஒதுங்கிக்கொண்டது. ஒத்திவைக்கப்பட்ட மாநாடு டிசம்பர் 21 அன்று ஒரே நாளில் நடத்தி முடிக்கப்பட்டது. ஆகவே 2016 இல் நடந்தது புதிதல்ல. அது சார்க்கின் பழைய நோய் முற்றிய நிலை.

2008 கொழும்பு மாநாட்டின்போது வன்னியில் போர் நடந்துகொண்டிருந்தது. தலைமை வகித்த நாட்டின் உள்ளே நடக்கும் போரைப் பற்றி மாநாடு ஏன் பேசவில்லை?

வயதில் மூத்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அந்த மாநாடு முதலில் மாலைதீவில் நடைபெறவிருந்தது. மாலைதீவு இயலாதென்றதால் இலங்கை பொறுப்பேற்று, 2008 ஓகஸ்ட் 2, 3 ஆம் திகதிகளில் கொழும்பில் நடத்தியது. அதற்கு முன்னர், ஜூலை 16 அன்று விடத்தல்தீவை இராணுவம் கைப்பற்றியிருந்தது. மன்னார்ப் பெருநிலப்பரப்பின் ஊர்களிலிருந்து மக்கள் உழவு இயந்திரப் பெட்டிகளில் கூரைத்தகடும் நெல்மூட்டையும் ஏற்றிக்கொண்டு கிளிநொச்சிப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்த நாட்கள் அவை. மாநாட்டை முன்னிட்டு ஜூலை 26 முதல் ஓகஸ்ட் 4 வரை ஒருதலைப்பட்சமாகப் போர்நிறுத்தம் கடைப்பிடிப்பதாக விடுதலைப் புலிகள் அறிவித்தனர். அரசாங்கம் அதனை நிராகரித்தது. சண்டை நிற்கவில்லை.

மாநாட்டில் குற்றவியல் விடயங்களில் பரஸ்பர உதவி பற்றிய சமவாயமும், சார்க் அபிவிருத்தி நிதியத்தின் சாசனமும், தெற்காசியத் தரநிர்ணய அமைப்பொன்றை நிறுவும் உடன்படிக்கையும், சுதந்திர வர்த்தகப் பிரதேசத்தில் ஆப்கானிஸ்தான் இணைவதற்கான ஆவணமும் கைச்சாத்தாகின. பயங்கரவாத எதிர்ப்பு பற்றிப் பிரகடனம் விரிவாகப் பேசிற்று. வன்னியில் இடம்பெயர்ந்துகொண்டிருந்த மக்களைப் பற்றிப் பேசும் வழி சாசனத்தில் இல்லை: உறுப்பு நாடுகளின் உள்நாட்டு அலுவல்களில் தலையிடாமை அதன் கோட்பாடுகளில் ஒன்று, இருதரப்பு விடயங்களும் சர்ச்சைக்குரிய விடயங்களும் கலந்துரையாடலுக்கு அப்பாற்பட்டவை. தலைமையில் இருக்கும் நாடே நிகழ்ச்சி நிரலைத் தயாரிக்கும் என்பதையும் இதனுடன் சேர்த்துப் பார்த்தால், அந்த மேசையில் இந்தப் பேச்சு ஏன் எழவில்லை என்பது விளங்கும். விளங்குவதனால் அது நியாயமாகிவிடாது. விதி அவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்பதே இங்கு சொல்லப்படுவது.

முறை வந்தும் ஒரு நாடு தலைமையை ஏற்காமல் விடலாமா? அல்லது அதற்குக் கொடுக்காமல் விடலாமா?

இரண்டும் நடந்திருக்கின்றன. பிம்ஸ்டெக்கில் 2006 இல் பூட்டான் தன் முறையை ஏற்கவில்லை, இந்தியா ஏற்றது. 2013 இல் ஏபெக் எனப்படும் ஆசிய பசிபிக் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பின் மாநாட்டையும் நடத்த வேண்டியிருந்த இந்தோனேசியா, இரண்டு சுமையும் ஒரே ஆண்டில் விழாமலிருக்க, ஆசியான் தலைமையில் புருணையுடன் முறையை மாற்றிக்கொண்டு 2011 இலேயே பொறுப்பேற்றது. வெளியேறும் முடிவை எடுத்த பிரித்தானியா, 2017 இன் இரண்டாம் அரையாண்டில் தனக்கிருந்த ஐரோப்பிய ஒன்றிய முறையைக் கைவிட, எஸ்தோனியா ஆறு மாதம் முன்னதாகவே அமர்ந்தது.

நெருக்கடி கொடுத்து விலக்கப்பட்டவையும் உள்ளன. மியன்மாரின் இராணுவ ஆட்சி, மேற்கு நாடுகளினதும் சக உறுப்பு நாடுகளினதும் அழுத்தத்தால் 2006 இற்கான ஆசியான் தலைமையை விட்டுக்கொடுத்தது. பின்னர் 2014 இல் ஏற்றது. 2021 இராணுவச் சதிக்குப் பின்னர் 2026 இற்கான அதன் முறையும் பிலிப்பைன்ஸுக்குச் சென்றது. ஆபிரிக்க ஒன்றியத்தின் 2006 மாநாடு சூடானின் தலைநகர் கார்ட்டூமிலேயே நடந்தபோதும், அந்நாட்டின் டார்பூர் பகுதியில் நடந்த கொடுமைகள் காரணமாக ஜனாதிபதி பஷீருக்குத் தலைமை வழங்கப்படவில்லை. கொங்கோ குடியரசுக்குச் சென்றது. மறு ஆண்டும் சூடான் கேட்டது, கானாவுக்குக் கொடுக்கப்பட்டது. தன் மக்களை நடத்தும் விதத்துக்காக ஒரு நாடு முறையை இழந்தது இங்கே நடந்திருக்கிறது. தெற்காசியாவில் அவ்வாறு நடந்ததில்லை.

பிம்ஸ்டெக் தலைமையில் இருந்த 2018 முதல் 2022 வரையான காலத்தில் இலங்கை எதைச் சாதித்தது?

சாசனம். 1997 ஜூன் 6 அன்று பாங்கொக்கில் தொடங்கப்பட்ட பிம்ஸ்டெக், கால் நூற்றாண்டு காலம் சாசனமே இல்லாமல் பிரகடனங்களை வைத்து ஓடிக்கொண்டிருந்தது. இலங்கை தலைமை வகித்து, காணொளி வழியாகக் கொழும்பிலிருந்து நடத்திய 2022 மார்ச் 30 மாநாட்டில்தான் அது கைச்சாத்தாகியது; 2024 மே 20 அன்று நடைமுறைக்கு வந்தது. தறிகெட்டுப் பெருகியிருந்த ஒத்துழைப்புத் துறைகள் ஏழாகச் சுருக்கப்பட்டு நாட்டுக்கொன்றாகப் பகிரப்பட்டன. அறிவியல், தொழில்நுட்பம், புத்தாக்கம் ஆகியவை இலங்கைக்கு வந்தன. விவசாயமும் உணவுப் பாதுகாப்பும் மியன்மாருக்கும், பாதுகாப்பு இந்தியாவுக்கும், போக்குவரத்து இணைப்பு தாய்லாந்துக்கும் சென்றன. தொழில்நுட்பப் பரிமாற்ற நிலையமொன்றைக் கொழும்பில் அமைக்கும் உடன்படிக்கையும் அன்று கைச்சாத்தானது.

அந்த வாரத்தில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலத்தைத் தாண்டியது; மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் மக்கள் கலன்களுடன் வரிசையில் நின்றார்கள்; வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அடுத்த மாதமே அறிவித்தது. ஏழு நாடுகளுக்குத் தலைமை வகிக்கும் நாடும் எரிபொருளுக்குக் கடன் கேட்கும் நாடும் ஒன்றாகவே இருக்க முடியும். தலைமை செல்வத்தின் அளவுகோல் அல்ல.

நமது நாடு தலைமையில் இருக்கும்போது இந்திய இழுவைப்படகுப் பிரச்சினையைப் பிராந்திய அமைப்பில் எழுப்ப முடியாதா?

முல்லைத்தீவிலும் மன்னாரிலும் முதலில் கேட்கப்படுவது இதுவே. நேரடிப் பதில்: முடியாது. சார்க்கைப் போலவே இந்து சமுத்திர விளிம்பு நாடுகளின் சங்கத்தின் சாசனமும் இருதரப்புப் பிணக்குகளைக் கூட்டங்களுக்கு வெளியே வைக்கிறது. 2023 முதல் 2025 வரை அச்சங்கத்தின் தலைமையில் இலங்கையும் துணைத் தலைமையில் இந்தியாவும் அருகருகே அமர்ந்திருந்தபோதும், இரவில் அறுக்கப்பட்டுக் கரையொதுங்கும் வலைகளைப் பற்றிய ஒரு வரியும் நிகழ்ச்சி நிரலில் ஏறுவதற்கு இடமிருக்கவில்லை.

எழுப்பக்கூடியவை பொதுவான வடிவில் உள்ளவை. மீன்வள முகாமைத்துவம் அச்சங்கத்தின் முன்னுரிமைத் துறைகளில் ஒன்று; கடலின் அடித்தளத்தை வாரும் தொழில்முறையால் வரும் அழிவு, சட்டவிரோத மீன்பிடி ஆகியவற்றை எந்த நாட்டையும் பெயர்சொல்லாமல் அங்கே விவாதிக்கலாம். இலங்கை 2017 இலேயே இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்துவிட்டதால், அவ்வாறான விவாதத்தில் பேசும் தகுதி நமக்கு உண்டு. படகுகளைப் பற்றியும் கைதுகளைப் பற்றியும் பேசும் இடம், 2016 இல் இரு நாடுகளும் அமைத்த மீன்பிடி தொடர்பான கூட்டுப் பணிக்குழு. சங்கங்கள் மனுக்களை அனுப்பும்போது பிராந்திய அமைப்புகளின் முகவரிகளைத் தேடி அலையாமல், கடற்றொழில் அமைச்சுக்கும் அந்தப் பணிக்குழுவில் அமரும் அதிகாரிகளுக்கும் படகு இலக்கம், திகதி, கடலில் இருந்த இடம், அழிந்த வலையின் பெறுமதி ஆகிய விபரங்களுடன் அனுப்புவதே பயன் தரும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் முறை ஏன் வேறுபட்டது?

அங்கே பெரும்பாலான சட்டங்கள் பெரும்பான்மை வாக்கால் நிறைவேறுவதால், கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவர் வாக்கெடுப்புக்கான வேளையைத் தெரிவதே ஒரு பலம். அதேவேளை அந்தப் பலத்தைப் பங்கிட்டும் விட்டார்கள். 2009 இல் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் உடன்படிக்கைக்குப் பின்னர், அரசுத் தலைவர்கள் கூடும் ஐரோப்பியப் பேரவைக்கு நிலையான தலைவர் உண்டு; வெளிவிவகார அமைச்சர்களின் கூட்டத்துக்கு உயர் பிரதிநிதி தலைமை வகிக்கிறார்; எஞ்சிய அமைச்சர் கூட்டங்கள்தான் ஆறு மாதத்துக்கொரு நாடாகச் சுற்றுகின்றன. மும்மூன்று நாடுகள் பதினெட்டு மாதத்துக்கான பொது வேலைத்திட்டத்தைச் சேர்ந்து தயாரிக்கின்றன. 27 நாடுகள் உள்ளதால், ஒரு நாட்டுக்கு முறை மீண்டும் வரப் பதின்மூன்றரை ஆண்டுகள் செல்லும்.

எல்லை மீறினால் என்ன நடக்கும் என்பதற்கு 2024 ஜூலை ஓர் உதாரணம். ஹங்கேரி பொறுப்பேற்ற சில நாட்களிலேயே பிரதமர் ஒர்பன் மொஸ்கோவுக்குச் சென்று புட்டினைச் சந்தித்தார். அவர் ஒன்றியத்தின் சார்பில் செல்லவில்லை என்று ஏனைய தலைவர்கள் பகிரங்கமாக அறிவித்தனர். ஹங்கேரியில் நடந்த முறைசாராக் கூட்டங்களுக்கு ஆணையாளர்களை அனுப்பாமல் அதிகாரிகளை மட்டும் அனுப்ப ஐரோப்பிய ஆணைக்குழு தீர்மானித்தது.

வட மாகாண சபைக்கு இதில் ஏதேனும் பங்கு உண்டா?

இல்லை. அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தத்தின்படி வெளிநாட்டு அலுவல்கள் ஒதுக்கிய நிரலில், அதாவது மத்திய அரசாங்கத்தின் கையில் உள்ளன.

சார்க் உச்சி மாநாடு கூடாததால் எல்லாமே நின்றுவிட்டனவா? நம் பிள்ளைகளுக்குப் பயன்படக்கூடியது ஏதேனும் இயங்குகிறதா?

இயங்குகிறது. 2007 மாநாட்டில் உடன்பாடாகி, 2010 இல் புதுடில்லியில் வகுப்புகளைத் தொடங்கிய தெற்காசியப் பல்கலைக்கழகம் உறுப்பு நாடுகளின் மாணவர்களுக்குத் தொடர்ந்தும் திறந்திருக்கிறது. வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி வளாகத்திலோ பட்டம் பெற்ற ஒருவர் பட்டமேற்படிப்புக்கு அங்கே விண்ணப்பிக்கலாம். அதற்கு எந்த நாடு தலைமையில் இருக்கிறது என்பது பொருட்டல்ல. சார்க் கலாசார நிலையம் கொழும்பில் உள்ளது. தொழில்நுட்ப மட்டக் குழுக்களும் சில பிராந்திய நிலையங்களும் வேலை செய்கின்றன. நின்றுபோனவை அரசியல் முடிவு தேவைப்படுபவை: புதிய உடன்படிக்கைகள், புகையிரத, வாகனப் போக்குவரத்து உடன்படிக்கைகள், புதிய நிதி ஒதுக்கீடுகள்.

அடுத்து இலங்கைக்கு எப்போது முறை வரும்?

சார்க்கில் சொல்ல இயலாது. பாகிஸ்தானின் முறை நடந்தாலன்றி எவருடைய முறையும் வராது. இந்து சமுத்திர விளிம்பு நாடுகளின் சங்கத்தில் 23 நாடுகள் இரண்டிரண்டு ஆண்டுகளாக அமர்வதால் நீண்ட காலம் செல்லும். பிம்ஸ்டெக்கில் கணக்குப் பார்க்கலாம்: 2025 ஏப்ரல் 4 அன்று பாங்கொக்கில் தாய்லாந்து தலைமையைப் பங்களாதேஷிடம் கையளித்தது. அதன் பின்னர் பூட்டான், இந்தியா, மியன்மார், நேபாளம், அதற்கடுத்து இலங்கை. சாசனம் சொல்வதுபோல் இரண்டு ஆண்டுகளுக்கொரு மாநாடு தவறாமல் கூடினால் 2035 அளவில் நமது முறை. ஆனால் 2004 இல் நடந்த முதலாவது மாநாட்டிலிருந்து 2025 வரையான 21 ஆண்டுகளில் கூடியவை ஆறு மாநாடுகள் மட்டுமே. அந்த வேகத்தில் போனால், இன்று உயர்தரம் படிப்பவர்களின் பிள்ளைகள் அதே அரசறிவியல் வினாத்தாளை எழுதும் காலமாகிவிடும்.